பால் கணக்கு சரி, நிலக் கணக்கு?

சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் படித்து வளர்ந்தவனுக்குப் படக்கதையில் மாடு புதிதல்ல. டெக்ஸ் வில்லரும் லக்கி லுக்கும் மந்தை மந்தையாக மாடுகளைக் கண்டவர்கள். மாடு திருடியவனைத் துரத்தியிருக்கிறார்கள், பண்ணைக்காரர்களின் சண்டையைத் தீர்த்துவைத்திருக்கிறார்கள். ஆனால் அவர்களில் ஒருவர் குத்தவைத்து உட்கார்ந்து பால் கறந்ததாகவோ சாணி அள்ளியதாகவோ எனக்கு நினைவில்லை. மாடு அங்கே துப்பாக்கிச் சண்டைக்கு ஒரு சாக்கு, அவ்வளவுதான்.

மங்கா எனப்படும் ஜப்பானியப் படக்கதையின் ஆசிரியர் ஹிரோமு அரகாவாவின் 'கின் நோ சாஜி', தமிழில் சொன்னால் 'வெள்ளிக் கரண்டி', அந்தக் குறையை முதல் தொகுதியிலேயே தீர்த்துவிடுகிறது. சாணி வருகிறது, முட்டையிடும் கோழியின் பின்பக்கம் வருகிறது, விடியாத காலையில் தொழுவத்துக்கு ஓடும் பிள்ளைகளின் கொட்டாவி வருகிறது. 2011 ஏப்ரலில் 'ஷோனென் சண்டே' வார இதழில் தொடங்கி 2019 நவம்பரில் முடிந்த தொடர் இது. மொத்தம் 15 தொகுதிகள். 2012-இல் மங்கா தாய்ஷோ விருது பெற்றது, அதையடுத்து ஷோகாகுகான் விருதும். யென் பிரஸ் 2018 முதல் வெளியிட்ட ஆங்கிலப் பதிப்பைத்தான் நான் படித்தேன். மங்கா படிக்கிறேன் என்றால் வீட்டில் ஊறுகாய் போடத்தான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்தப் பெயர்க் குழப்பத்தைத் தீர்க்கவே எனக்கு இரண்டு தொகுதி ஆயிற்று.

படித்த இடத்தையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்தத் தொடரின் பலமும் பலவீனமும் அந்த இடத்தில் உட்கார்ந்து படித்ததால்தான் எனக்குப் பிடிபட்டன. எடமலைப்பட்டி புதூர் திருச்சி மாநகராட்சிக்குள் இருக்கிறது. ஒரு பக்கம் மதுரை சாலை, ஒரு பக்கம் ரயில் பாதை, ஒரு பக்கம் கோரையாறு. வயலும் தரிசுமாக இருந்தவை இன்று வரிசையாக 'நகர்' என்று முடியும் பெயர்களைச் சூடிக்கொண்டிருக்கின்றன. மழைக்காலத்தில் கோரையாறு பெருகும்போதுதான் இது பள்ளக்கால் பூமி என்ற ஞாபகம் ஊருக்கு வரும். தெற்கே பஞ்சப்பூரில் 2025-இல் புதுப் பேருந்து முனையம் திறந்த பிறகு 'ஏக்கர்' என்ற சொல்லே இந்தப் பக்கம் அருகிவிட்டது. எல்லாம் சென்ட், எல்லாம் சதுர அடி. விவசாயத்தை மறந்துகொண்டிருக்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டுதான் விவசாயப் படக்கதையைப் படித்தேன்.

விவசாயக் கதை என்றதும் நம் பேனா தானாக இரண்டு பக்கம் இழுக்கும். ஒன்று ஒப்பாரி: வெடித்த நிலம், வானம் பார்த்த கிழவர், பின்னணியில் புல்லாங்குழல். இன்னொன்று சாதனைக் கதை: கணினி வேலையை உதறிவிட்டு ஊருக்கு வந்தவர் ஏக்கருக்கு இத்தனை லட்சம் எடுத்த கதை. இரண்டிலும் விவசாயி உண்டு, விவசாய வேலை கிடையாது. முதலாவதில் அவர் அழுதுகொண்டிருப்பார், இரண்டாவதில் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார். நடுவில் களை எடுக்கிற, தண்ணீர் மாற்றிவிடுகிற, சினை மாட்டைத் தடவிப் பார்க்கிற நேரம் காணாமல் போய்விடும்.

அதனால் இந்தத் தொடரை அளக்க நான் பழைய கோல் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். தொல்காப்பியம் நிலம் சார்ந்த பாடலை முதல், கரு, உரி என்று மூன்றாகப் பகுக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்தின் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் ஆகியவை கருப்பொருள். அங்கே வாழ்கிறவர்களின் மனமும் ஒழுக்கமும் உரிப்பொருள். அகப்பாட்டுக்குச் செய்த கோல் ஹொக்கைடோ பால்பண்ணைக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். மனிதரை அவர் நிற்கும் மண்ணிலிருந்து பிரித்துப் படிக்க மறுக்கிற கோல் அது. கிராமத்தைப் பற்றிய எந்தப் படைப்பும் அந்தக் கோலுக்கு நின்று காட்டத்தான் வேண்டும்.

முதலில் கருப்பொருள், ஏனென்றால் அரகாவாவின் கை அங்கேதான் ஓங்கியிருக்கிறது.

கதை எளிது. சப்போரோ நகரத்துப் பையன் ஹச்சிகென் யூகோ. போட்டித் தேர்வுக்கென்றே நடத்தப்படும் நடுநிலைப் பள்ளியில் படித்து, ஓட்டத்தில் மூச்சு வாங்கி விழுந்தவன். அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் இருக்க விடுதி உள்ள பள்ளி வேண்டும் என்பதற்காகவே ஏஸோ வேளாண் மேல்நிலைப் பள்ளியில் சேர்கிறான். உடன் படிப்பவர்களில் பெரும்பாலோர் பண்ணை வீட்டுப் பிள்ளைகள். பொதுப்பாடங்களில் மொத்த மதிப்பெண் கூட்டினால் இவன்தான் முதல். தனித்தனிப் பாடமாக எடுத்தால் தன் துறையைக் கரைத்துக் குடித்த எவனோ ஒருவன் இவனை முந்திவிடுகிறான். மதிப்பெண் என்பதையே உயிராகப் பிடித்திருந்தவனை முதல் அத்தியாயங்களிலேயே இப்படி நகைச்சுவையாகக் கழற்றிவிடுகிறார் அரகாவா.

அடுத்து முட்டை. முட்டை எந்த வழியாக வருகிறது என்று கண்ணால் பார்த்த பிறகு ஹச்சிகெனுக்கு அதைத் தின்ன முடியவில்லை. மற்றவர்கள் சுடுசோற்றில் பச்சை முட்டையை உடைத்து ஊற்றித் தின்கிறார்கள். பசி வெல்கிறது. தின்கிறான். நன்றாக இருக்கிறது, அதுதான் அவனுக்குப் பிரச்சினை. இந்த ஒரு காட்சியில் தொடரின் முறை முழுவதும் இருக்கிறது. அருவருப்பு வரும், அதன் மேல் சிரிப்பு வரும், அதன் மேல் ருசி வரும். கடைசியில் ஒரு கேள்வி மிஞ்சும், அந்தக் கேள்விக்கு அவசரப்பட்டுப் பதில் சொல்லமாட்டார்.

இந்தக் கை எங்கிருந்து வந்தது என்பது தெரிந்ததுதான். அரகாவா 1973-இல் ஹொக்கைடோவின் தொகாச்சி வட்டாரத்தில் பால்மாட்டுப் பண்ணையில் பிறந்தவர். வேளாண் பள்ளியில் படித்து முடித்தபின் ஏழு ஆண்டுகள் வீட்டுப் பண்ணையிலேயே வேலை செய்தவர். உலகம் அவரை 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்' வழியாக அறியும்; அவர் தன்னை வரைந்துகொள்வது கண்ணாடி போட்ட பசுமாடாக. 2006-இலிருந்து எழுதிவரும் 'ஹ்யாகுஷோ கிஸோகு', அதாவது 'குடியானவப் பிரபுக்கள்', அவருடைய பண்ணைத் தன்வரலாறு. 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்' கதையின் அச்சாணி, ஒன்றைப் பெற அதற்கு ஈடான ஒன்றைக் கொடுத்தாக வேண்டும் என்ற விதி. அது மந்திரவாதக் கதையில் வந்ததால் தத்துவம் மாதிரித் தெரிந்தது. வெள்ளிக் கரண்டியைப் படித்தால் அது தொழுவத்துக் கணக்கு என்று தெரியும். தீவனம் உள்ளே, பால் வெளியே. கறவை வற்றிய மாடு லாரியில்.

அந்தக் கணக்கின் உச்சம் ஒரு பன்றிக்குட்டி. ஈன்ற குட்டிகளில் கடைக்குட்டி, தாயின் மடியில் இடம் கிடைக்காமல் நோஞ்சானாக நிற்கிறது. பெயர் வைக்காதே என்று எச்சரிக்கிறார்கள். அவனால் முடியவில்லை, 'புத்தாதோன்' என்று பெயர் வைக்கிறான். பன்றிக்கறிச் சோறு என்று பொருள். பாசமும் தீர்ப்பும் ஒரே பெயரில். மாதங்கள் கழித்து அது கசாப்புக்கூடத்துக்குப் போகிறது. விடுமுறையில் வேலைசெய்து சம்பாதித்த பணத்தில் அதன் இறைச்சியை ஹச்சிகெனே வாங்கி, உப்பிட்டு, புகைபோட்டு, நண்பர்களோடு உட்கார்ந்து தின்கிறான். கசாப்புக்கூடத்தில் நடப்பதைக் காட்டும் படத்தையும் கண்ணை மூடாமல் பார்க்கிறான்.

இந்தப் பகுதியை இவ்வளவு நேர்மையாக எழுதுவது எத்தனை கடினம் என்பது நமக்குத் தெரியும். கிடாவெட்டுக்கு நேர்ந்துவிட்ட ஆட்டோடு விளையாடாத பிள்ளை கிராமத்தில் கிடையாது. காதுகுத்து அன்று அழுதுவிட்டு மத்தியானப் பந்தியில் உட்காராத பிள்ளையும் குறைவு. அந்த இரண்டு நேரத்துக்கும் நடுவே பிள்ளையின் மனத்தில் என்ன நடக்கிறது? நாம் 'பழகிப்போகும்' என்று ஒரு வார்த்தையில் கடந்துவிடுகிறோம். அரகாவா அந்த இடைவெளியில் மாதக்கணக்கில் குடியிருக்கிறார். பையனைச் சைவனாக்கி நம்மைத் திருப்திப்படுத்தவும் இல்லை, கல்மனக்காரனாக்கி 'வளர்ந்துவிட்டான்' என்று சொல்லவும் இல்லை. அவன் தின்கிறான். அவனுக்கு வலிக்கிறது. அடுத்த ஈற்றுக் குட்டிகளையும் வளர்க்கிறான். கருப்பொருளுக்கு இங்கே முழு மதிப்பெண்ணும் போட்டுவிடலாம்.

முதற்பொருளில் ஒரு பாதியான பொழுதும் இதோடு சேரும். மாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது, பொங்கல் கிடையாது. இரு வேளை கறந்தே ஆகவேண்டும். இந்த ஓயாத திரும்பத்திரும்பலை நாவல் ஒரு வரியில் சுருக்கிவிடும், சினிமா ஒரு பாட்டில் கடத்திவிடும். வாராவாரம் வரும் படக்கதைக்கு அந்த அவசரம் இல்லை. இந்த வாரம் பீட்சா அடுப்பு, அடுத்த வாரம் குதிரை லாயம், அதற்கடுத்த வாரம் மறுபடி சாணி. பெரிய சம்பவமில்லாத அன்றாடக் கதை என்ற வடிவம் வேறு பல மங்காக்களில் சோம்பலுக்குச் சாக்கு. இங்கே அது தொழிலின் தாளத்தோடு அப்படியே பொருந்துகிறது. எட்டரை ஆண்டு வெளியீட்டுக் காலத்தில் வாசகர்களும் மாணவர்களோடு சேர்ந்து பனியில் எழுந்துகொண்டார்கள். தமிழில் இந்தப் பொழுதுணர்வை அண்மையில் நன்றாகப் பிடித்தது 2022-இல் வந்த மணிகண்டனின் 'கடைசி விவசாயி'. செய்யாத குற்றத்துக்குக் கிழவர் காவலில் இருக்கிறார். நீதிமன்றம் தேதி தள்ளிவைக்கலாம், நாற்று தண்ணீரைத் தள்ளிவைக்காது. அந்த ஒரு முரண் முழுப்படத்தையும் தாங்குகிறது. ஆனால் அந்தப் படத்தின் தலைப்பே 'கடைசி'. அரகாவாவின் பள்ளியிலோ ஒரு வகுப்பு நிறைய முதலாமாண்டு மாணவர்கள். அழுதுமுடித்த இடத்திலிருந்து நாம் தொடங்குகிறோம், வருகைப் பதிவேட்டிலிருந்து அவர் தொடங்குகிறார்.

அடுத்து உரிப்பொருள். இங்கே மூன்று பிள்ளைகள் முக்கியம். கனவே இல்லாத ஹச்சிகென் ஒருவன். குதிரைகளோடு வேலைசெய்ய ஆசைப்பட்டும், ஒற்றைப் பிள்ளை என்பதால் பண்ணையை ஏற்க வேண்டும் என்று வாயை மூடிக்கொண்டிருக்கும் மிகாகே அகி ஒருத்தி. பேஸ்பால் ஆடிச் சம்பாதித்து வீட்டுக் கடனை அடைத்துவிடலாம் என்று நம்பும் கோமாபா இச்சிரோ மூன்றாமவன். அப்பா இறந்தபின் அம்மா நடத்தும் சிறு பண்ணை கோமாபாவுடையது. அணி தோற்கிறது. பண்ணை மூழ்குகிறது. மாடுகள் லாரி ஏறுகின்றன. அவன் படிப்பை விட்டு வேலைக்குப் போகிறான். அதோடு முடியவில்லை: அந்தக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டது மிகாகே வீடு. இப்போது அவர்கள் குதிரைகளை விற்க வேண்டிய நிலை.

ஜாமீன் என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கு ஹொக்கைடோ மறைந்து திருச்சி தெரிந்தது. பக்கத்துக் காட்டுக்காரனுக்குப் போட்ட ஒரு கையெழுத்தால் இரண்டு குடும்பம் பேச்சுவார்த்தையற்றுப்போன கதை இல்லாத ஊர் நம்மிடம் உண்டா? அரகாவாவின் தனித்தன்மை, அந்த இரண்டு குடும்பமும் பேச்சை நிறுத்தாததில் இருக்கிறது. வில்லன் கிடையாது. வட்டிக்காரன் மீசை முறுக்குவதில்லை. கடன் என்பது ஒரு மனிதனின் கெட்ட குணத்தால் வருவதல்ல, தீவன விலைக்கும் பால் விலைக்கும் நடுவே ஆண்டுக்கணக்கில் ஊறிவருவது என்று காட்டிவிடுகிறார். வகுப்பில் சிரித்துக்கொண்டிருந்த வாசகன் திடீரென்று கைகட்டி நிற்கிறான்.

இந்த இடத்தை கி. ராஜநாராயணனின் 'கதவு' சிறுகதையோடு வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. அங்கே தீர்வை பாக்கிக்காக வீட்டுக் கதவைக் கழற்றிக்கொண்டு போகிறார்கள். அந்தக் கதவு பிள்ளைகளுக்கு பஸ், விளையாட்டு, உலகம். கதவு போனபின் வாடை உள்ளே வருகிறது, கைக்குழந்தை போய்விடுகிறது. பிறகு சாவடியில் கிடக்கும் கதவைப் பிள்ளைகள் கண்டுபிடித்துக் கட்டிக்கொள்கிறார்கள். சில பக்கங்களில் கி.ரா. செய்ததும் சில தொகுதிகளில் அரகாவா செய்ததும் ஒரே காரியம்தான்: இழப்பை ஒரு பொருளின் மேல், பிள்ளைகளின் கை தொடும் பொருளின் மேல் ஏற்றுவது. வித்தியாசம் அடுத்த பக்கத்தில் வருகிறது. கி.ரா. கதவைத் திருப்பித் தருவதில்லை. அரகாவா, மாட்டைத் திருப்பித் தராவிட்டாலும், எல்லாருக்கும் ஒரு வழி திறந்துவிடுகிறார். மிகாகே தன் ஆசையைக் குடும்பத்தின் முன் சொல்கிறாள், ஹச்சிகென் அவளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக் கல்லூரிக்கு அனுப்புகிறான், அவனே பன்றி வளர்ப்பில் தொழில் தொடங்குகிறான். உரிப்பொருளுக்கு முக்கால் மதிப்பெண் தருவேன். குறைத்த கால் எங்கே போயிற்று என்று சொல்ல, முதற்பொருளின் மறுபாதியான நிலத்துக்கு வரவேண்டும்.

அங்கே என்னைக் கொண்டுபோய் விட்டவர் எங்கள் தெருவில் இரண்டு கறவை வைத்துப் பால் ஊற்றும் அக்கா. கோடை விடுமுறையில் மிகாகே பண்ணையில் வேலைசெய்யும் ஹச்சிகென், பால் போகும் குழாயைத் தொட்டியில் மாட்ட மறந்துவிடுகிறான். கறந்த பால் தரையில் ஓடுகிறது. அந்தப் பக்கத்தைக் காட்டிக் கதையைச் சொன்னேன்.

"அய்யய்யோ. சம்பளத்துல புடிச்சிருப்பாங்களே தம்பி?"

"இல்லக்கா. அவன் வேணாம்னு சொல்லியும் முழுசா குடுத்துட்டாங்க."

அக்கா படத்தை இன்னொரு தரம் பார்த்தார். "அப்ப அவன் கூலிக்கு வந்த பையன் இல்ல. கட்டிக்கப்போற பையனா இருக்கும்."

சிரித்துவிட்டேன். பதினைந்து தொகுதிக் கதையை ஒரு படத்தில் கண்டுபிடித்துவிட்டார். இரவில் அந்த வாக்கியம் திரும்ப வந்தபோது சிரிப்பு வரவில்லை. அந்தப் பண்ணையின் பெருந்தன்மை உண்மையானது. ஆனால் அது யாருக்குக் கிடைக்கிறது? நாளைக்கு வீட்டு மனிதனாகக்கூடியவனுக்கு. கூலிக்கு வந்தவன் பாலைக் கொட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி இந்தத் தொடரில் எழவே வழியில்லை, ஏனென்றால் அதன் நடுக்கூடத்தில் கூலிக்கு வந்தவனே இல்லை. கதையைச் சுமக்கும் பண்ணைப் பிள்ளைகள் எல்லாரும் நிலம் உள்ள வீட்டு வாரிசுகள். பெரும்பண்ணை, சிறுபண்ணை என்ற ஏற்றத்தாழ்வு உண்டு. நிலம் உண்டு, நிலம் இல்லை என்ற கோடு கிடையாது.

இதே வயதுப் பிள்ளையைப் பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' எப்படிப் பார்க்கிறது என்று நினைத்துக்கொண்டேன். 2000-இல் வந்த அந்த நாவலில் கூளையன் கவுண்டர் பண்ணையில் ஆடு மேய்க்கக் கட்டிவைக்கப்பட்ட சக்கிலியர் வீட்டுச் சிறுவன். அதுவும் அன்றாடக் கதைதான். விளையாட்டு உண்டு, வேட்டை உண்டு, நண்பர்களின் கேலி உண்டு, ஆட்டின் மேல் அளவற்ற பாசம் உண்டு. ஹச்சிகெனுக்கும் கூளையனுக்கும் விலங்கைத் தொடும் கை ஒன்றுதான். ஒருவன் தவறு செய்தால் பாடம், இன்னொருவன் தவறு செய்தால் அடி. ஒருவன் பண்ணை வேலையைத் தேர்ந்தெடுக்கலாமா என்று யோசிக்கிறான், இன்னொருவனுக்கு அதிலிருந்து போக வழியில்லை. இரண்டு நூலையும் அடுத்தடுத்து படித்தவருக்கு வெள்ளிக் கரண்டியின் வெளிச்சம் எந்தச் சுவர்களுக்குள் எரிகிறது என்பது தெரிந்துவிடும்.

நிலம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியும் அப்படித்தான். பள்ளியின் பெயரிலேயே இருக்கும் 'ஏஸோ' ஹொக்கைடோவின் பழைய பெயர். 1869-இல் மெய்ஜி அரசு பெயரை மாற்றியது, குடியேற்றக்காரர்களைக் கொண்டுவந்தது. ஐனு மக்கள் வேட்டையாடியும் மீன்பிடித்தும் வாழ்ந்த காடு வயலாகவும் மேய்ச்சலாகவும் பங்கிடப்பட்டது. அங்கே ஒரு பண்ணைக்குச் சராசரியாக ஏறக்குறைய 30 ஹெக்டேர் வாய்த்ததற்கு இந்த வரலாறு ஒரு காரணம். தமிழ்நாட்டில் 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி சராசரி 0.75 ஹெக்டேர். அந்தக் காட்டை வயலாக்க உழைத்த இழுவைக் குதிரைகளின் வழித்தோன்றல்கள் இன்று ஒபிஹிரோவில் 'பான்யே' பந்தயத்தில் இரும்புச் சறுக்குவண்டியை இழுத்து மேடேறுகின்றன. அரகாவா அந்தப் பந்தயத்தை ஜல்லிக்கட்டு வாடிவாசலுக்கு நிகரான ஆரவாரத்தோடு வரைகிறார். குதிரைக்கு வரலாறு கொடுத்தவர் நிலத்துக்குக் கொடுக்கவில்லை. ஜப்பான் நாடாளுமன்றம் ஐனு மக்களைப் பூர்வகுடிகள் என்று சட்டத்தில் எழுதியது 2019-இல். அதே ஆண்டு இந்தத் தொடரும் முடிந்தது. 15 தொகுதிகளில் அந்த வரலாறு கதையின் எந்த முடிச்சையும் தொடவில்லை.

மூன்றாவது இல்லாமை, அரசு. கோமாபாவின் கடன் இரண்டு வீட்டுச் சமையலறைகளுக்குள் பேசித் தீர்க்கப்படுகிறது. நம் பக்கம் கடன் அப்படி வீட்டுக்குள் அடங்குவதில்லை. 2017 மார்ச்சில் திருச்சிக்காரரான அய்யாக்கண்ணுவின் தலைமையில் விவசாயிகள் டெல்லி ஜந்தர் மந்தரில் மண்டையோடுகளோடு உட்கார்ந்தார்கள். முந்தைய ஆண்டின் மழை பொய்த்துப்போனதும் காவிரியில் தண்ணீர் வராததும் பயிர்க்கடனும் சேர்ந்து அவர்களை அங்கே கொண்டுபோயின. 41 நாள் இருந்தார்கள். 2021 பிப்ரவரியில் தமிழக அரசு கூட்டுறவு வங்கிகளில் 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது. தள்ளுபடி நல்லதா கெட்டதா என்பது வேறு வழக்கு. விவசாயக் கடன் ஒரு குடும்பத்தின் சாமர்த்தியத்தைத் தாண்டிய விஷயம் என்பதை நம் ஊர்ச் சிறுவன்கூட அறிவான். அரகாவாவின் மாணவர்கள் பால் விலையைப் பற்றி அக்கறையோடு பேசுகிறார்கள். அந்த விலையை யார் எங்கே உட்கார்ந்து முடிவுசெய்கிறார்கள் என்ற கதவை ஒருபோதும் தட்டுவதில்லை.

இங்கே அரகாவாவின் தரப்பையும் கேட்க வேண்டும். பள்ளிப் பையன்களுக்கான வார இதழில், கார்களும் சண்டைகளும் நிறைந்த பக்கங்களுக்கு நடுவே, பால்மாட்டைப் பற்றிப் பேசச் சம்மதம் வாங்கியதே சாதனை. அவரிடம் போய் நிலச்சீர்திருத்தம் எழுதவில்லையே என்று கேட்பது முருங்கை மரத்தில் தேங்காய் தேடுவது போலாகாதா? நியாயமான வாதம்தான், பாதி தூரம் வரை. அவர் வெறும் வேடிக்கைக் கதை எழுதியிருந்தால் நான் இந்தக் கேள்வியை எழுப்பியிருக்கமாட்டேன். எந்த உணவும் இலவசமில்லை, தட்டில் வருவதற்கு யாரோ விலை கொடுத்திருக்கிறார்கள் என்று நம் கையைப் பிடித்து எண்ணக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். கணக்கு வாத்தியார் கடைசி வரியை எழுதாமல் விட்டால் மாணவன் எழுந்து கேட்கத்தான் செய்வான்.

அந்த விடுபட்ட வரி பிற்பகுதியில் கதையையே பலவீனப்படுத்துகிறது. 2014-க்குப் பிறகு, குடும்பத்தினரின் உடல்நலக் காரணத்தால், தொடர் நீண்ட இடைவெளி விட்டு விட்டு வந்தது. அதன் தடம் பக்கங்களில் தெரிகிறது: காட்சிகள் ஓடுகின்றன, பாத்திரங்கள் வந்து முகம் காட்டிவிட்டுப் போகின்றன. ஆனால் உண்மையான தொய்வுக்குக் காரணம் இடைவெளி அல்ல. கோமாபாவின் வீழ்ச்சி எழுப்பிய கேள்வி, ஒரு பள்ளி மாணவனின் தொழில்முனைவால் பதில் சொல்லிவிட முடியாத கேள்வி. நிலத்தையும் விலையையும் தொடாமல் அதற்கு விடை தேடும்போது, ஹச்சிகெனின் உழைப்பும் நல்ல மனமும் தாங்க முடியாத பாரத்தைத் தாங்குகின்றன. உரிப்பொருளில் நான் குறைத்த கால் மதிப்பெண் இங்கே கழிந்தது. முதல் தொகுதிகளின் பன்றிக்குட்டி என்னைத் தூங்கவிடவில்லை. கடைசித் தொகுதிகளின் பன்றித் தொழில் என்னை வாழ்த்துச் சொல்ல மட்டும் வைத்தது.

இந்தக் குறையை எடமலைப்பட்டி புதூருக்கு அருகிலிருக்கும் ஒரு கல்லூரியோடு ஒப்பிட்டால் துலங்கும். திண்டுக்கல் சாலைப் பக்கம் நாவலூர் குட்டப்பட்டில் 1989-இல் தொடங்கிய அன்பில் தர்மலிங்கம் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. அந்த மண் களர் மண். அதனாலேயே களரைத் தாங்கும் நெல்லை ஆராய்வது அங்கே முதல் வேலையாயிற்று. திருச்சி 1, திருச்சி 3 ரகங்கள் அப்படி வந்தவை. தான் நிற்கும் நிலத்தின் நோயிலிருந்து பாடத்தைத் தொடங்கிய கல்லூரி அது. ஆனால் நம் மாநிலத்தில் வேளாண் பட்டம் பெறுகிறவர்களில் பலரின் இலக்கு வயல் அல்ல, வங்கியின் விவசாய அதிகாரி நாற்காலி. கடன் வாங்குகிற பக்கத்திலிருந்து கடன் கொடுக்கிற பக்கத்துக்குப் போவதுதான் நாம் விவசாயக் கல்விக்குக் கொடுத்திருக்கும் பொருள். ஏஸோ பள்ளியில் நிலத்தின் கேள்வி இல்லை, ஆனால் பண்ணைக்குத் திரும்பும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நம்மிடம் நிலத்தின் கேள்வி இருக்கிறது, திரும்பும் பிள்ளைகள் குறைவு. இலக்கியத்திலும் இதே நிலைதான். நிலத்தின் அநீதியைச் சொல்ல நம்மிடம் கி.ரா.வும் பெருமாள்முருகனும் இருக்கிறார்கள். விவசாயத்தைத் தொழிலாக, திறமையாக, நாளைக்கும் செய்யக்கூடிய ஒன்றாகப் பிள்ளைகள் கையில் கொடுக்கும் நூல் அரிது.

தலைப்புக்கு வருகிறேன், தீர்ப்பு அதில்தான் தொங்குகிறது. பிறந்த குழந்தைக்கு வெள்ளிக் கரண்டி கொடுத்து, வாழ்நாளில் சோற்றுக்கு முட்டு வராதிருக்க வாழ்த்துவது ஐரோப்பிய வழக்கம். பள்ளி உணவுக்கூடத்தில் அப்படியொரு கரண்டி மாட்டியிருக்கிறது. ஆங்கிலத்தில் பணக்காரப் பிறப்பைக் குறிக்கும் அந்தப் படிமத்தை அரகாவா திருப்பிப்போடுகிறார்: சாணி மிதித்து வளர்ந்தாலும், உணவை விளைவிக்கும் வீட்டில் பிறந்தவர்களே வெள்ளிக் கரண்டியோடு பிறந்தவர்கள். அழகான திருப்பம். நிலம் உள்ள வீட்டுக்கு உண்மையான திருப்பமும்கூட. பண்ணையிலேயே பிறந்து, பண்ணையிலேயே உழைத்து, பண்ணை வீட்டுப் பழையதை வாங்கி உண்ட கூளையனுக்கு அந்தக் கரண்டி எட்டவில்லை. உணவை விளைவிப்பதும் உணவுக்கு உரிமை உள்ளதும் ஒன்றல்ல என்பதைக் காவிரிக் கரையில் இருப்பவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

என் தீர்ப்பு இது. கருப்பொருளிலும் பொழுதிலும் வெள்ளிக் கரண்டிக்கு நிகராகப் பண்ணை வேலையைச் சொன்ன படக்கதையை நான் படித்ததில்லை. முதல் தொகுதியிலிருந்து கோமாபாவின் மாடுகள் லாரி ஏறும் வரையிலான பகுதி எந்த மொழியின் நல்ல நாவலுக்கும் சமமாக உட்காரும். நிலத்தைப் பற்றி அது பாதிதான் பேசுகிறது, அந்தப் பாதி மௌனத்தின் விலையைப் பிற்பகுதி கட்டுகிறது. ஆகவே இது பெரிய நூல், முழு நூல் அல்ல. தமிழில் வரவேண்டும், மேல்நிலைப் பள்ளி நூலக அலமாரியில் இருக்கவேண்டும், அதே அலமாரியில் கூளமாதாரிக்குப் பக்கத்திலேயே இருக்கவேண்டும். எதை முதலில் எடுப்பது என்று பிள்ளை கேட்டால் வெள்ளிக் கரண்டியை எடுத்துக்கொடுப்பேன். வேலையின் மேல் மரியாதை வந்த பிறகுதான் அந்த வேலையைச் செய்கிறவனுக்கு நடந்த அநீதி உறைக்கும். ஆனால் இரண்டாவதையும் படித்து முடிக்காமல் அட்டையைத் திருப்பி வாங்கிக்கொள்ளமாட்டேன்.

நான்காம் தொகுதியை அக்காவிடம் கொடுத்திருக்கிறேன். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் மாடு தெரியும். நேற்று பால் ஊற்றும்போது ஒரு குறை சொன்னார்: இத்தனை மாடு வைத்திருக்கிறார்கள், தண்ணி காட்டுகிற ஆளை ஒரு படத்திலும் காணோமே.